நடுக்கத்துக்கு ஒரு டியூட்டி

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ஹாரன்’ என்றால்தான் தெரியும். ரோட்டில் ஹாரன், வீட்டில் வாய், இரண்டுக்கும் அவர் ஓய்வு கொடுத்ததே இல்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு வேலையை விட்ட கொஞ்ச நாளிலேயே வலது கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா மடியில் வைத்திருக்கும்போதுதான் அதிகம் ஆடும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, அதுபோல உங்கள் கைக்கு ஸ்டியரிங் இல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை என்று நான்தான் முதலில் கேலி செய்தேன். டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன பிறகு கேலியை நிறுத்திக்கொண்டேன்.

தீர்கிற நோய் இல்லையாம். ஆனால் மாத்திரையை வேளை தவறாமல் போட்டால் கட்டுக்குள் இருக்குமாம். நாமாக நிறுத்தினால் ஆபத்தாம். மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படபடப்பு வந்தால் நடுக்கம் கூடும் என்று அந்த டாக்டர் எனக்குத் தனியாகவும் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து நான் வாயைக் கட்டினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று புரியும்.

அவர் அந்தக் கையை ஒளித்து வைக்கப் பழகினார். வெளியே போனால் பேன்ட் பாக்கெட்டில். வீட்டில் செய்தித்தாளுக்கு அடியில். தாள் சரசரவென்று சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். எங்களுக்குக் கேட்காதது மாதிரி நாங்கள் இருப்போம். டீக்கடைக்குப் போவதையும் விட்டுவிட்டார். கிளாஸைத் தூக்கினால் சிந்துகிறது, பழைய கண்டக்டர்கள் பார்த்துவிட்டு வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள் என்றார். போதாததற்கு விரல்கள் எப்போதும் ஐஸ்கட்டியாக இருந்தன. எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி குளிர். கம்பளிக் கையுறை போட்டாலும் உள்ளே இருக்கிற குளிர் உள்ளேயே இருந்தது.

வீட்டின் முன் அறையில் மெஷின் போட்டு நான் தையல் பழுது பார்க்கிறேன். ஜிப் மாற்றுவது, நீளம் குறைப்பது, பருத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது. மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வீட்டில் இருப்பதைவிடத் தண்ணீரில் இருப்பதுதான் அதிகம். மருமகளுக்குத் துணி ஆராய்ச்சி செய்கிற கம்பெனியில் வேலை, எங்களோடுதான் இருக்கிறாள். மாமியார் மருமகள் சண்டை இந்த வீட்டில் இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. எதிராளி பதில் பேசினால்தானே சண்டை வரும்? “சரி அத்தை”, “சரி மாமா” என்பதைத் தாண்டி அவள் குரல் எங்கேயும் போனதில்லை.

அவள் கம்பெனியில் ஒரு நூல் செய்திருந்தாள். வளைந்தாலும் உரசினாலும் அது துளித்துளியாக மின்சாரம் தரும். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று அந்தத் துளிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஓடுகிற இன்னொரு நூல் அதை வாங்கிச் சூடாகும். செருகுவதற்கு ஒயர் கிடையாது, உடம்பு அசைந்தால் போதும். கேட்கவே நன்றாக இருந்தது. ஆனால் அதைச் சட்டையாகத் தைத்துப் போட்டுப் பார்த்தபோது, ஓடுகிறவர்களுக்குத்தான் சூடு வந்தது. அவர்களுக்கோ ஏற்கெனவே வேர்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வெறும் துணி. பசித்தவனுக்குப் போடாமல் ஏப்பம் விடுகிறவனுக்குப் பந்தி வைக்கிறீர்களே என்று அவளுடைய மேலதிகாரி கேட்டாராம். வருஷக் கணக்காக உழைத்த வேலை. உருப்படியான உபயோகம் ஒன்று காட்டாவிட்டால் மூடிவிடுவோம் என்று கெடு வைத்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து மாமனாரின் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் சரசரத்துக்கொண்டே இருந்தது. அவள் மனதில் ஓடியது எனக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே நாள் முழுக்க அசைகிற கை, அதுவும் குளிர்ந்து போன கை. கேளேன் என்று ஜாடை காட்டினேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற மாதிரி ஆகிவிடும் அத்தை, என்னால் முடியாது என்று காதோடு சொன்னாள்.

நானே போய்ச் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தார். இப்போது கை வெட்டவெளியில் ஆடிக்கொண்டிருந்தது. 

“சும்மா ஆடுற கைதானேம்மா. டியூட்டி போட்டுக் கொடு, ஆட்டிட்டுப் போறேன்” என்றார்.

அவள் துணியைக் கொண்டுவந்தாள், தைத்தது நான். முழங்கை வரை வருகிற உறை. சாதாரண ஊசி அந்த நூலைக் குத்தி அறுத்துவிடுகிறது என்று மழுங்கிய ஊசி வாங்கினேன். பிடித்துத் தைத்தால் நூல் அசைய இடம் இருக்காது, தளர விட்டால் மணிக்கட்டில் நழுவும். பிரித்துப் பிரித்துத் தைத்ததில் என் பொறுமையும் நைந்து போயிற்று. வலது கைக்கு மட்டும் போதும் என்றாள் மருமகள். ஒற்றைக் கையில் மாட்டிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள், ஜோடியாக வேண்டும் என்றார் இவர். சரி என்று இடது கைக்கும் அதே நிறத்தில் ஒரு வெறும் உறை தைத்துக் கொடுத்தேன்.

முதல் நாள் உறையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு விரலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. அந்த விரல்களில் நான் சூட்டைத் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, கண்ணில் நூல் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு மனிதர் மாறிப்போனார். காலையில் ஷேவ் செய்துகொண்டு, “டியூட்டிக்குப் போறேன்” என்று சொல்லி நாற்காலிக்குப் போவார். கை செய்தித்தாளுக்கு மேலே வந்தது. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் உறையை நீட்டி, இது நான் ஓட்டுகிற புது வண்டி, டீசல் வேண்டாம் என்று பெருமையடிப்பார். சாயங்காலம் மருமகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், “இன்னைக்குக் கலெக்‌ஷன் எப்படி?” என்று கேட்பார். அன்றைக்கு உறையில் சேர்ந்த மின்சாரம் போனில் ஒரு கோடாக ஏறி இறங்குவதை அவள் காட்டுவாள். ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்தவர் மாதிரி அவர் அதைப் பார்த்துத் தலையாட்டுவார்.

அவள் நல்ல எண்ணத்தில்தான் அதைச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மத்தியானத்தில் கோடு ஏன் விழுந்து கிடக்கிறது என்று இவர் கேட்டார். மாத்திரை வேலை செய்கிற நேரம், கை அடங்குகிறது, அதனால் சூடும் குறைகிறது, அது நல்லதுதான் மாமா என்றாள். இவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். ஹாரன் சத்தமில்லாமல் சாப்பிட்டால் ஏதோ யோசனை ஓடுகிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வாரத்திலிருந்து மத்தியானக் கோடும் ஏறியது. மருமகளுக்கு வாயெல்லாம் பல். உறை நாளாக நாளாகக் கைக்குப் படிகிறது, நூல் பழகிக்கொள்கிறது என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். எனக்கும் என் தையலின் மேல் கர்வம் வந்தது. மேலதிகாரிகள் கோட்டைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே இவ்வளவா என்று அசந்து போனார்களாம். நேரில் அழைத்து வா, பார்க்கிறோம் என்று நாளும் குறித்துவிட்டார்கள். இவர் அந்த நாளுக்காகப் பழைய யூனிஃபார்ம் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார்.

ஆனால் கோடு ஏற ஏற ஆள் இறங்கிக்கொண்டிருந்தார். பொத்தான் போட வெகுநேரம் பிடித்தது. கதவு நிலையருகே வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார். முகத்தில் சிரிப்பு வந்தால் பாதியில் நின்றது. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஹாரனுக்கா இந்தக் குரல்? நோய் முற்றுகிறது என்றே நினைத்தேன். டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் முறை. முன்னாலேயே போகலாம் என்றால், கம்பெனிக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால், டப்பாவைத் திறந்து காட்டுவார். அந்தந்த வேளைக்கான குழி காலியாக இருக்கும். மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்தால் சின்னக் குழந்தையா நான் என்று முகம் சுருங்குவாரே என்று, டப்பாவை அவரிடமே விட்டிருந்தேன்.

கம்பெனிக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம், ஜோடியாகப் பளிச்சென்று இருக்கட்டும் என்று இடது கை உறையைத் தேடி எடுத்தேன். வீட்டில் அவர் அதைப் போடுவதே இல்லை. நாற்காலிக்குப் பக்கத்து அலமாரியில் கிடந்தது. இஸ்திரிப்பெட்டியை வைத்தபோது கட்டைவிரலில் ஏதோ தட்டுப்பட்டது. உதறினேன். மாத்திரைகள். ஒவ்வொரு விரலிலும் இருந்தன. என் மேஜை மேல் உருண்டு, நூல்கண்டுகளுக்கு நடுவே போய் நின்றன.

அவர் பார்த்துவிட்டார். எழுந்து வர முயன்றார், நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. நான் அருகே போனேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மெஷினையே தூக்கிப் போட்டிருப்பேன். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தையிடம் கேட்கிற குரலில், ஏன் போடவில்லை என்று மட்டும் கேட்டேன்.

“காலையில உள்ளதைப் போடறேன். மத்தியானமும் ராத்திரியும்தான் விட்டேன்” என்றார். “காசு கொடுத்து வாங்கினது, எறிய மனசு வரல. நாளைக்கு முடிஞ்சதும் எல்லாத்தையும் போட்டுக்கலாம்னு எடுத்து வச்சேன்.”

கேட்டீர்களா கணக்கை? விட்ட டிரிப்பையெல்லாம் ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்கிற டிரைவர் கணக்கு. வேறு எவனுக்கும் இப்படி ஒரு யோசனை தோன்றாது. எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. உங்கள் உயிரைவிட ஒரு கோடு பெரிதா என்றேன், அதையும் மெதுவாகத்தான்.

அவர் ஆடுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் கை வந்ததிலேர்ந்து நீங்க எல்லாரும் விடுங்க, நாங்க பாத்துக்கறோம்ங்கறீங்க. டம்ளரை வாங்கிக்கறீங்க. பையை வாங்கிக்கறீங்க. அவ ஒருத்திதான் இந்தக் கை வேணும்னு கேட்டா.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “நாளைக்கு ஒரு நாள். அவகிட்டச் சொல்லிடாதே” என்றார்.

என் வாழ்க்கையில் அவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். சொன்னால் மருமகளின் உழைப்பு மண்ணாகப் போகும். அவளும் எனக்குப் பெண்தான். ஒரே ஒரு நாள், அதற்குள் என்ன குடி முழுகிவிடும் என்று ஒரு மனசு சொன்னது. முன் அறையிலிருந்து நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. மறுபடி எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் ஒரு நாள் இருக்க முடியாது. மருமகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. எண்ணக்கூட இல்லை, கையை மூடிக்கொண்டாள். உடனே டாக்டருக்கு போன் போட்டாள். விட்டதையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், இன்றைய வேளையை மட்டும் கொடுங்கள், நாளைக்குக் காலையில் அழைத்து வாருங்கள், விழுங்க முடியாவிட்டாலோ காய்ச்சல் வந்தாலோ இப்போதே வாருங்கள் என்றார் அவர். அவள் தண்ணீரோடு போய் மாமனார் முன்னால் மண்டியிட்டு மாத்திரையைக் கொடுத்தாள். உறையை மணிக்கட்டிலிருந்து மெதுவாக உருவினாள். இவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லுளிமங்கனும் மௌனச்சாமியும் மாதிரி இரண்டு பேரும் இருந்தார்கள், நடுவில் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் நான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவள் கம்பெனிக்குப் போனாள். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, நல்லவேளை காலை மாத்திரையையாவது போட்டார், அதையும் விட்டிருந்தால் இங்கே நடந்து வந்திருக்கமாட்டார் என்றார். சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிடுவாராம். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இவர் அந்த யூனிஃபார்ம் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மருமகள் மத்தியானமே திரும்பிவிட்டாள். பையை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். அந்த வாரங்களின் கணக்கு செல்லாது, அது மாத்திரை நின்றதால் வந்த நடுக்கம், அழித்துவிடுங்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். மாத்திரை ஒழுங்காகப் போட்ட ஆரம்ப நாட்களின் கோடு அவர்களுக்குப் போதவில்லை. நூல் வேலையை மூடியாயிற்று. அடுத்த மாதத்திலிருந்து அவளுக்குப் போர்வைப் பிரிவில் வேலை.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். “உனக்காகத்தாம்மா செஞ்சேன்” என்றார்.

அவ்வளவுதான். அந்தப் பெண் வெடித்தாள்.

“யார் கேட்டா உங்களை? எனக்காகன்னு சொல்லாதீங்க மாமா. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா உங்க பையனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அந்த நூலை நான் இன்னொரு தடவை செஞ்சுக்குவேன், உங்களை எங்க போய்ச் செய்யறது? இத்தனை வயசுக்குக் கொஞ்சமாவது அறிவு வேண்டாமா?”

அதோடு அவள் விடவில்லை. அவளை ஏமாற்றியது, என்னை ஏமாற்றியது, டப்பாவைத் திறந்து காட்டியது, காசு போகிறது என்று மாத்திரையைப் பதுக்கின புத்திசாலித்தனம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு வாங்கினாள். அழுதுகொண்டே திட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி திட்டினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. படபடப்பு கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்று பதறி அவளைத் தடுக்கப் போனேன்.

இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தலை நிமிர்ந்திருந்தது. இத்தனை நாளாகப் பாதியில் நின்றுகொண்டிருந்த சிரிப்பு, மெல்ல மெல்ல முகத்தின் அந்தக் கோடி வரை போயிற்று.

“கேட்டியா, என்னைத் திட்டுறா” என்றார் என்னிடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோய் வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவரைத் திட்டவில்லை. உடைந்துபோகிற சாமானைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தோம். தப்புச் செய்தால் திட்டு வாங்குகிற ஒரு முழு மனிதராக அவரை நாங்கள் நடத்தவே இல்லை. நேற்று அத்தனை மாத்திரையைப் பார்த்தபோதுகூட நான் கொஞ்சிக்கொண்டுதான் கேட்டேன்.

சரி, பட்டதெல்லாம் போதும் என்று நானும் முந்தானையை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். சேர்த்து வைத்திருந்ததில் பாக்கி வைக்கவில்லை. நேற்றையது, முந்தாநாளையது, டீக்கடைக்குப் போகாமல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தது, கல்யாணமான புதிதில் என்னைப் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனது உள்பட எல்லாவற்றையும் கேட்டேன். நான் மூச்சு வாங்கும்போது மருமகள் தொடர்ந்தாள், அவள் மூச்சு வாங்கும்போது நான். இவர் நடுநடுவே, அது அப்படி இல்லை என்று எதிர்வாதம் கூடச் செய்தார். கை மடியில் எல்லோரும் பார்க்க ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒளிக்க அவருக்கு நினைப்பே வரவில்லை.

கடைசியில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் திட்டி முடிச்சுட்டா அந்த மத்தியான மாத்திரையைக் கொடுங்க” என்றார். “நேரமாச்சு.”